குடிக்கிற தண்ணியில் கழுவிய கண்ணாடி

திண்டுக்கல்லில் கண்ணாடிக் கடைகளுக்குக் குறைச்சலில்லை. மூக்கில் மாட்டிவிட்டு, முன்னால் நிறுத்தி, "சூப்பரா இருக்கு சார்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ரூபியின் கடையில் அந்தப் பேச்சே கிடையாது. அங்கே போனால் முதலில் விசாரணைதான். பஸ் கண்டக்டர் வந்தால், "டிக்கெட்டைப் பாக்குறது அதிகமா, ஆளைப் பாக்குறது அதிகமா?" என்பாள். பிரியாணி மாஸ்டர் வந்தால், தேக்சா மூடியைத் திறக்கும்போது ஆவி எந்தப் பக்கமிருந்து முகத்தில் அடிக்கும் என்று கேட்பாள். சின்னாளப்பட்டியிலிருந்து தறிக்காரர்கள் வந்தால் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு, கண்ணுக்கும் தறியில் ஓடுகிற பாவு நூலுக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்தே விடுவாள். அவசரக்காரர்களுக்கு அந்தக் கடை ஆகாது. போனவர்கள் மட்டும் மறுபடி அங்கேதான் போவார்கள்.

கேள்வி கேட்பது அவளுக்குப் பிறவிக் குணம். சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில், மீன் வயிற்றுக்குள் மூன்று நாள் இருந்த யோனா மூச்சு எப்படி விட்டார் என்று கேட்டுவிட்டு, மீதி வகுப்பு முழுக்க பெஞ்சு மேல் நின்றவள். அதற்கு இன்றுவரை யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கண் பரிசோதனை முகாம்களில் பெயர் எழுதும் வேலைக்குப் போனாள். அங்கே லென்ஸ் மேல் ஆசை வந்து, மதுரையில் போய் வேலை கற்று, இருபத்தைந்து வயதில் சொந்தக் கடை போட்டாள். இப்போது அவளுக்கு நாற்பத்தேழு.

இன்னொரு வழக்கமும் உண்டு. கம்பெனிக்காரன் கொடுக்கிற வழுவழுத் துணியை அவள் யாருக்கும் கொடுப்பதில்லை. சின்னாளப்பட்டி பருத்தித் துணியை வாங்கி, கஞ்சி போகப் பத்துத் தடவை துவைத்து, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி வைத்திருப்பாள். கண்ணாடி வாங்குகிற எல்லோருக்கும் ஒரு துண்டு. கூடவே ஒரு மந்திரமும் உண்டு. "மூச்சை ஊதுங்க, நல்லா அழுத்தித் தொடைங்க, வெளிச்சத்துல பாருங்க." இருபத்திரண்டு வருஷமாக இதே வார்த்தைகள்தான். யாராவது லென்ஸில் கீறலோடு திரும்பி வந்தால் அன்றைக்கு அவர்களுக்கு அர்ச்சனை நடக்கும். சின்னாளப்பட்டி மாயம்மாளுக்கு ஒரு தடவை நடந்தது. "மணல்ல போட்டுத் தேச்சீங்களா? துணி குடுத்தேன்ல? ஒழுங்காத் தொடைக்கக்கூடத் தெரியாதா?" பாவம், அந்தம்மா புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

போன ஜனவரியில் மதியழகன் கடைக்கு வந்தான். செம்பட்டிக்காரன், முப்பத்தெட்டு வயது. கடற்படையில் பதினைந்து வருஷம் இருந்து, அங்கேயே பாய்மரப் படகு ஓட்டக் கற்று, ஊர் திரும்பி ஐந்து வருஷமாகத் தக்காளி போட்டுக்கொண்டிருந்தவன். தக்காளிக்கும் அவனுக்கும் ஒத்துவரவில்லை. தூத்துக்குடிப் பக்கம் ஒரு பாய்மரப் படகுப் பயிற்சி நிலையத்தில் சொல்லித்தருகிறவர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டிருந்தான். மூத்த மாலுமி ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் கடலில் ஓட்டிக் காட்ட வேண்டும். கடற்படையில் இருந்தவரை அவன் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது நம்பர் ஏறிவிட்டது. நம்பர் போட்ட வெயில் கண்ணாடி வேண்டும் என்றான்.

ரூபிக்குக் கடல் என்றால் வேளாங்கண்ணிதான். வருஷத்துக்கு ஒரு தடவை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனைய நின்றுவிட்டு வருகிற கடல். இருந்தாலும் விடுவாளா?

"கடல்ல எதைப் பாப்பீங்க தம்பி?"

"எல்லாத்தையும்தான்க்கா. வெயிலு தண்ணியில பட்டு மூஞ்சியில அடிக்கும். கண்ணே தெறக்க முடியாது."

அந்த ஒரு பதிலோடு அவள் நிறுத்திக்கொண்டாள். வாழ்க்கையிலேயே அவள் கேள்வியைக் குறைத்துக்கொண்ட நாள் அதுதான், அதுதான் வினையாகவும் போனது. வெயில்தானே பிரச்சினை, இருக்கிறதிலேயே இருட்டான லென்ஸைப் போட்டுவிடுவோம் என்று கரும்பச்சையில், மேலே வெள்ளி மினுக்குப் பூசியதாக, உலோக பிரேமில் மாட்டிக் கொடுத்தாள். பார்க்க அட்டகாசமாக இருந்தது. துணியும் கொடுத்தாள், மந்திரமும் சொன்னாள்.

பிப்ரவரிக் கடைசியில் மதி திரும்பி வந்தான். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான். ரூபி அதை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பாத்திரம் தேய்க்கிற நாரால் தேய்த்த மாதிரி லென்ஸ் முழுக்கக் கோடு. மினுக்கு அங்கங்கே உரிந்திருந்தது. பிரேமின் கீல் பச்சை பிடித்து இறுகியிருந்தது. அர்ச்சனைக்கு வாயைத் திறந்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியேதான்க்கா செஞ்சேன்" என்றான் அவன். "அலை தெறிக்கும், காயும், வெள்ளையாப் பூத்துரும். ஒடனே ஒங்க துணிய எடுத்து, ஊதி, நல்லா அழுத்தித் தொடச்சேன். ஒரு நாளைக்கு நாப்பது தடவ தொடச்சிருப்பேன்."

அப்புறம் நடந்ததைச் சொன்னான். தேர்வு அன்றைக்கு இரண்டாவது மணி நேரத்தில் கண்ணாடி வழியாக எல்லாம் கலங்கலாகத் தெரிந்திருக்கிறது. கழற்றினால் தூரம் தெரியாது, மாட்டினால் கிட்டத்தில் இருப்பதும் தெரியாது. நாட்டுப்படகுக்காரர் ஒருவர் வலை போட்டிருந்தார். வலைக்கு மேல் மிதக்கிற தெர்மாகோல் துண்டுகளை இவன் பார்க்கவே இல்லை. படகு அப்படியே வலை மேல் ஏறிவிட்டது.

"வலையைத் தூக்கிப் பாத்தாரு. இம்புட்டு அகலத்துக்குக் கிழிஞ்சு போச்சு. திட்டியிருந்தாக்கூடத் தேவலைக்கா. ஒண்ணுமே சொல்லல. வலையையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

மூத்த மாலுமி நல்லவர். இன்னொரு வாய்ப்புத் தருகிறேன், மார்ச் இருபத்தெட்டு, அதோடு சரி என்று சொல்லிவிட்டார். அதிலும் போனால் மறுபடி தக்காளிதான்.

மதி ரூபி மேல் ஒரு பழியும் போடவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நான் சொன்னபடி செய்தும் கீறல் விழுந்தது என்றால் நான் சொன்னதில் அல்லவா ஏதோ கோளாறு? இந்த நினைப்பு வந்ததுமே இன்னொன்றும் கூடவே வந்தது. அப்படியென்றால் இத்தனை வருஷமாக நான் யார் யாரைத் திட்டினேன்? அதற்கு மேல் யோசிக்க அன்றைக்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"இந்தத் தடவ நான் கேக்குற எல்லாத்துக்கும் பதில் சொல்லாம நீங்க இந்த எடத்தை விட்டு எந்திரிக்க முடியாது" என்றாள். மதி அன்றைக்கு இரண்டு பஸ்ஸை விட்டான்.

அப்போதுதான் தெரிந்தது, அவனுக்குப் பெரிய எதிரி வெயில் இல்லை என்று. காற்று எங்கே வருகிறது என்பதைத் தண்ணீரைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்களாம். பலத்த காற்று இறங்குகிற இடத்தில் தண்ணீர் கறுத்து, சுருங்கி ஓடும். அது தெரியாவிட்டால் பாயை எப்படித் திருப்புவது? ரூபி தந்த இருட்டுக் கண்ணாடியில் கடல் முழுக்கவே கறுப்பு. ரூபி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் உச்சி வெயிலில் சாம்பல், பச்சை, பழுப்பு என்று மூன்று நிற லென்ஸ்களை எடுத்துக்கொண்டு கோட்டைக்குளத்துக்குப் போனாள். இந்த வருஷம் குளத்தில் தண்ணீர் நின்றது. படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கண்ணில் வைத்துத் தண்ணீரைப் பார்த்தாள். காற்று குளத்தின் மேல் ஓடுவது பழுப்பில் பளிச்சென்று தெரிந்தது. சாம்பலில் பரவாயில்லை, பச்சையில் மோசம். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "என்னக்கா, தோடு எதும் விழுந்துருச்சா?" என்று கேட்டாள். "இல்லம்மா, காத்தைத் தேடுறேன்" என்றாள் ரூபி. அந்தப் பெண் துணியை எடுத்துக்கொண்டு இரண்டு படி தள்ளிப் போய்விட்டாள்.

ஆக நிறம் பழுப்பு. தண்ணீரின் பளபளப்பை வெட்டுகிற போலரைஸ்டு லென்ஸ். கண்ணாடியில் செய்த லென்ஸ் வேண்டாம், பாரம், உடைந்தால் கண் போகும். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் போதும். தண்ணீர் நிற்காமல் உருண்டு ஓட மேலே ஒரு பூச்சு. பிரேமில் உலோகமே கூடாது, நைலான். பக்கவாட்டில் வெளிச்சம் புகாதபடி முகத்தோடு வளைந்து நிற்க வேண்டும். கழுத்தில் மிதக்கிற கயிறு. லென்ஸை மாட்டிக்கொண்டு செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது ஒரு சாய்வில் திரை முழுக் கறுப்பானது. உடனே மதிக்குப் போன் போட்டு, "படகுல வழி காட்டுற மிஷினைத் தலையச் சாய்ச்சுப் பாக்காதீங்க, நேராப் பாருங்க" என்று சொல்லி வைத்தாள்.

லென்ஸைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. கடலில் அது தாங்குமா? அதைத்தான் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அதனால் கடலையே மொட்டை மாடிக்குக் கொண்டுவந்தாள். பக்கத்து மளிகைக்கடை அப்துல் ஹக்கீம் பாயிடம் போய், லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கணக்கில் கல் உப்பு நிறுத்துத் தரச் சொன்னாள். "எதுக்கும்மா இப்படிக் கிராம் கணக்கு? ஊறுகாயா?" என்றார் பாய். "கடல் போடப் போறேன் பாய்" என்றாள். பாய் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

துணி தேய்க்கும்போது தெளிக்கிற பாட்டிலில் உப்புத் தண்ணீரை நிரப்பி, கொடியில் பழைய லென்ஸ்களைக் கட்டித் தொங்கவிட்டு, தெளித்துத் தெளித்துக் காயவைத்தாள். பத்தே நிமிஷத்தில் வெள்ளை பூத்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தாள். லென்ஸ் மேல் உப்பு பொடிப் பொடிச் சதுரங்களாக முளைத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் நாலு மூலை, நாலும் கூர். அதன் மேல் தன் அருமைப் பருத்தித் துணியை வைத்து நாற்பது தடவை அழுத்தித் துடைத்தாள். மதி கொண்டுவந்த அதே கோடுகள் விழுந்தன. ஊதுகிற மூச்சில் உப்பு கரையுமா என்ன? துணி எத்தனை மெத்தென்று இருந்தால்தான் என்ன, அது உப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கீறுகிறது.

சரி, கழுவிவிட்டுத் துடைப்போம் என்று மாடிக் குழாயில் காட்டினாள். காய்ந்ததும் மறுபடி வெள்ளை. இன்னொரு தடவை கழுவினாள். அப்போதும் வெள்ளை. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். கடல் உப்புக்கு இத்தனை பிடிவாதமா?

நாலாவது நாள் சாப்பிடும்போது எவர்சில்வர் டம்ளரைக் கையில் எடுத்தவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். டம்ளரின் அடியில் அதே வெள்ளைத் திட்டு. போர்த் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற வீடுகளில் எல்லா டம்ளரிலும் இருக்கிற திட்டுத்தான். மாடிக் குழாயில் வருவதும் அதே போர்த் தண்ணீர்தான். "மாதாவே!" என்று கத்தினாள். உப்பை உப்புத் தண்ணீரில் அல்லவா இத்தனை நாள் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள்! ஊரே அந்தத் தண்ணீரை உப்புத் தண்ணி என்றுதான் சொல்கிறது, அவளும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்கிறாள்.

எழுந்து போய் நல்ல தண்ணிக் குடத்தில் ஒரு சொம்பு முகர்ந்தாள். வீட்டுக்காரர் கிளெமென்ட் தட்டை வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தார். அவர் பள்ளிக்கூட வாத்தியார், பொறுமைசாலி. ஆனால் நல்ல தண்ணீர் சில நாளைக்கு ஒரு தடவைதான் வரும், அதைக் கீழேயிருந்து இரண்டு மாடி குடம் குடமாகத் தூக்குகிறவரும் அவர்தான்.

"ஏய் ரூபி, என்ன செய்யுற? அது குடிக்கிற தண்ணி!"

"தெரியும்ங்க."

"அதை ஊத்திக் கண்ணாடி கழுவப் போறியா? என் முதுகு ஒடஞ்சதெல்லாம் இதுக்குத்தானா?"

ரூபி ஊற்றிவிட்டாள். ஊற்றும்போது அவளுக்கே கை கூசியது. லென்ஸை உதறி, நிழலில் வைத்து, ஈரத்தை மட்டும் துணியில் ஒற்றி எடுத்தாள். பூதக்கண்ணாடியில் பார்த்தாள். ஒரு பொட்டு வெள்ளை இல்லை, ஒரு கோடு இல்லை. கிளெமென்டும் வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு, சனியன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மார்ச் இருபதாம் தேதி மதி புதுக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனான். முதல்ல நல்ல தண்ணி, அப்புறம்தான் துணி என்று ஏழு தடவை சொல்லி அனுப்பினாள். இருபத்துநாலாம் தேதி காலையில் அவனே நேரில் வந்தான். நாலு நாள் பயிற்சியிலேயே லென்ஸின் ஓரத்தில் மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன.

"நல்ல தண்ணி ஊத்துனீங்களா?"

மதி தலையைக் குனிந்துகொண்டான்.

"படகை என்ன செய்வீங்க, கரைக்கு வந்ததும்?"

"நல்ல தண்ணியில அலசிவிடுவோம்க்கா. இல்லைன்னா உப்பு தின்னுரும்."

"படகுக்கு ஊத்துவீங்க, கண்ணாடிக்கு ஊத்த மாட்டீங்களா?"

"அது கரையில, பைப்புல வர்ற தண்ணி. படகுல இருக்கிறது குடிக்கிற பாட்டிலு. மூடியத் தெறந்துட்டேன்க்கா, சத்தியமா. ஊத்த மனசு வரல. எங்க ஊருல ரெண்டு குடம் தண்ணிக்கு எங்கம்மா வரப்பு வரப்பா நடந்ததைப் பாத்தவன் நானு. கை தானா மூடியப் பூட்டிருச்சு. சரின்னு மூச்ச ஊதித் தொடச்சுட்டேன்."

இதைக் கேட்டு வேறு ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். ரூபிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கை கூசியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. இவனுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஊற்ற மாட்டான். ஏன் ஊற்ற மாட்டான்? குடிக்கிற தண்ணீர் என்பதால். குடிக்க முடியாமல் செய்துவிட்டால்?

"செத்த இருங்க" என்று உள்ளே போனாள். சட்டைப்பையில் அடங்குகிற தெளிப்பு பாட்டில் ஒன்றை எடுத்து நல்ல தண்ணீரை நிரப்பினாள். பாத்திரம் விளக்குகிற சோப்புத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுக் குலுக்கினாள். நுரை எழும்பியது. அதை அவன் கையில் வைத்தாள்.

"இப்ப இதைக் குடிப்பீங்களா?"

"சோப்புத் தண்ணிய எவன்க்கா குடிப்பான்?"

"அப்ப அடிங்க."

மதி பாட்டிலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கண்ணாடி மேல் ஒரு அடி அடித்தான். அப்புறம் இன்னொன்று. மனுஷன் முகத்தில் ஒரு தயக்கமும் இல்லை. லென்ஸை அன்றைக்கே மாற்றிக் கொடுத்தாள். போகிறபோது ஒரு வேலையும் சொன்னாள். "வரும்போது ஒரு பாட்டில்ல நடுக்கடல் தண்ணி கொண்டு வாங்க. நான் போட்ட கடல் சரியான்னு பாக்கணும்."

இருபத்தெட்டாம் தேதி ரூபி கடையில் உருப்படியாக ஒரு வேலையும் செய்யவில்லை. வலது காதுக்கு மாட்ட வேண்டிய கம்பியை இடது பக்கம் மாட்டினாள். மதியின் போன் நாள் முழுக்க அணைந்திருந்தது. ராத்திரி ஜெபமாலை சொல்லும்போது நடுவில் கணக்கு விட்டுப்போய், அதே மணியை மறுபடி உருட்டினாள்.

மறுநாள் மத்தியானம் மதி பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே ரூபி அவன் கழுத்துக் கயிற்றிலிருந்து கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்துக்குத் தூக்கினாள். ஒரு கோடு இல்லை. அதற்கப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

"சொல்லுங்க."

"ரெண்டாவது மணி நேரத்துல காத்து ஏறிருச்சுக்கா. அலை மூஞ்சியிலயே அடிச்சுது. ஒரு கையில சுக்கானு. இன்னொரு கை பாட்டில் கிட்டப் போயி நின்னுச்சு, பழைய புத்தி. சோப்புத் தண்ணிதானடான்னு சொல்லிக்கிட்டு அடிச்சேன். ஒதறி மாட்டுறேன், நேரா முன்னாடி தெர்மாகோலு வரிசையாத் தெரியுது. சடார்னு திருப்பிட்டேன்."

"யாரு வலை?"

"அவரு வலைதான்க்கா. பழைய கிழிசலைத் தச்சு, அதே வலையப் போட்டிருந்தாரு. நான் திரும்புறதைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்பறம் கையத் தூக்கிக் காட்டுனாரு. வேல கெடச்சிருச்சுக்கா. திங்கக்கிழம சேரணும்."

ரூபி சந்தோஷத்தில் அழுதாள். கடையில் ஆள் இருக்கிறதே என்றெல்லாம் பார்க்கவில்லை, நன்றாகவே அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து விரலில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள்.

"உப்பு சரியாத்தான் போட்டிருக்கேன். ஆனா கூடக் கொஞ்சம் கசக்குதே! இந்தக் கசப்பு எங்கிருந்து வந்துச்சு?"

"அது எனக்கெப்பிடிக்கா தெரியும்?" என்றான் மதி. பதினைந்து வருஷம் கடலில் இருந்தவனாம்.

அந்த வாரமே மாயம்மாள் சின்னாளப்பட்டியிலிருந்து வந்தார். தயங்கித் தயங்கி உள்ளே வந்து, திட்டு வாங்கத் தயாரானவராகக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். மறுபடி கீறல். தறியில் பறக்கிற தூசியும் தெருப் புழுதியும் உப்பு செய்த வேலையைத்தான் செய்திருந்தன, கொஞ்சம் மெதுவாக.

"நீ சொன்ன மாதிரிதான் தொடச்சேன் தாயி."

"தெரியும்மா" என்றாள் ரூபி. "அதான் கீறிருச்சு. போன தடவையும் அதான். தப்பு உங்க மேல இல்ல, நான் சொல்லிக்குடுத்ததுதான் தப்பு. இருபத்திரண்டு வருஷமா ஊருக்கே தப்பாச் சொல்லியிருக்கேன். உங்களை வேற அன்னைக்கு அந்தப் பேச்சுப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க."

"அட, விடு தாயி" என்று மாயம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று ரூபி சொன்னதும்தான் அந்தம்மாவின் குரல் உயர்ந்தது. "நல்ல தண்ணியிலயா? குடிக்கிற தண்ணிய எடுத்து யாராச்சும் கண்ணாடி கழுவுவாகளா?"

ரூபி திரும்பிப் பார்த்தாள். கடையின் மூலையில் நல்ல தண்ணிக் குடம் இருந்தது. நேற்றுக் காலையில் கிளெமென்டே தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். ரூபி ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் பிடித்து, சோப்பு ஒரு சொட்டு விட்டு, குலுக்கி, மாயம்மாளிடம் கொடுத்தாள்.